பழைய செவர்லே சி10 பிக்கப்பை மீட்டெடுத்தல்: எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் விற்ற செவர்லே சி10 பிக்கப், பழைய வண்டிகளை மீட்டெடுக்க நினைப்பவர்கள் இன்று மிகுதியாகத் தேடும் வண்டிகளில் ஒன்று. அதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. வண்டியின் கட்டமைப்பு எளிமையானது. கேபின், பானெட், மட்கார்டு, சரக்குத் தொட்டி என எல்லாவற்றுக்கும் புதிதாக அச்சிட்ட தகடுகள் கடையில் கிடைக்கின்றன. பானெட்டைத் திறந்தால் என்ஜினைச் சுற்றிக் கை தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் இருக்கிறது. ஆனால் இத்தனை வசதிகளும் சேர்ந்தே வாங்கியவரைக் குழப்பத்திலும் ஆழ்த்துகின்றன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபடியே மீட்பதா, தோற்றத்தைத் தொடாமல் பிரேக், என்ஜின், கியர்பாக்ஸ் ஆகியவற்றை மட்டும் புதுப்பிப்பதா, ஜெனரல் மோட்டார்ஸின் புதிய காலத்து வி8 வகையான எல்எஸ் என்ஜினை ஏற்றுவதா, சேஸியையே மாற்றிவிடுவதா என்ற கேள்விக்கு விடை காணாமலேயே பலர் வண்டியைப் பிரித்துவிடுகிறார்கள். பாதியில் நின்றுபோய், உதிரிகள் பெட்டி பெட்டியாகக் கட்டப்பட்டு விற்பனைக்கு வரும் சி10 வண்டிகளில் பல பணம் தீர்ந்ததால் மட்டும் நின்றவை அல்ல. நடுவழியில் திட்டம் மாறியதால் நின்றவை.

இந்த வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை: கையில் உள்ள வண்டி எப்படிப்பட்டது, அது ஆண்டுக்கு எவ்வளவு தூரம் ஓடப்போகிறது. இவ்விரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால், தேர்வுகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

கையில் உள்ளது எது என்பதை அறிய வண்டியே சான்று தருகிறது. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள அடையாளத் தகட்டில், 1971 வரையிலான வண்டிகளில் முதல் எழுத்து சி என்றால் இரு சக்கர இயக்கம், கே என்றால் நான்கு சக்கர இயக்கம். அடுத்த எழுத்து எஸ் என்றால் ஆறு சிலிண்டர் என்ஜினுடனும், இ என்றால் வி8 என்ஜினுடனும் வந்த வண்டி. 1972 மாடலில் இவற்றுக்கு முன்னால் செவர்லேயைக் குறிக்கும் ஒரு சி கூடுதலாகச் சேர்ந்தது. கையுறைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட காகிதச் சீட்டு இதைவிட விரிவானது. அந்த வண்டி எந்த வண்ணத்தில், எந்த டிஃபரன்ஷியல் விகிதத்தில், எந்தெந்தக் கூடுதல் வசதிகளோடு அனுப்பப்பட்டது என்பது அதில் இருக்கும். அந்தச் சீட்டு கிழியாமல் இருந்து, அதில் எழுதியுள்ளபடியே என்ஜினும் கியர்பாக்ஸும் வண்டியில் இருந்து, வண்டியும் கஸ்டம் ஸ்போர்ட் டிரக் அல்லது செயேன் போன்ற உயர்தர வகையாக இருந்தால், அதை வெட்டித் திருத்துவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும் என்பேன். ஆறு சிலிண்டர் என்ஜினுடன் பண்ணை வேலைக்காக வாங்கப்பட்ட எட்டடித் தொட்டி வண்டிக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. அத்தகைய வண்டிகள் நிறையவே செய்யப்பட்டன. அவற்றைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்வதால் வரலாற்றுக்கு எந்த இழப்பும் இல்லை.

எந்த வழியில் சென்றாலும் தகட்டு வேலையிலிருந்து யாரும் தப்ப முடியாது என்பதால், அதன் செலவை எல்லா வழிகளுக்கும் பொதுவாக முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும். இந்த வண்டிகள் துருப்பிடிக்கும் இடங்கள் ஏறத்தாழ எல்லா வண்டிகளிலும் ஒன்றே: கதவுக்குக் கீழே நீளும் ராக்கர் தகடுகள், கேபினின் பின்பக்கக் கீழ்மூலைகள், ஓட்டுநரின் கால் படும் தரைத்தகடு, கேபினைச் சேஸியின் மீது தாங்கும் அடித்தாங்கிகள், முன்கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் மறைந்திருக்கும் விளிம்பு, கூரையோரத்து நீர்வழிக் காடி. முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைகள் வழியாக இலைதழைகள் உள்ளே விழுந்து, நீர் வடியும் பாதையை அடைத்து, ஈரத்தைப் பல ஆண்டுகள் தேக்கிவைப்பதால், வெளியே வண்ணம் பளபளக்கும் வண்டியிலும் உள்தகடு கரைந்திருக்கக்கூடும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ராக்கரின் மீது நகர்த்திப் பார்த்தால், பட்டி கனமாகப் பூசப்பட்ட இடத்தில் அது பிடிப்பை இழந்து நழுவும். கேபின் மூலையை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டும்போது கணீரென்ற ஒலிக்குப் பதில் மந்தமான ஒலி வந்தால், அந்த மூலையை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ராக்கரை மாற்றும்போது ஒரு நடைமுறையை விடாமல் பின்பற்ற வேண்டும். கேபினின் கீழ்ப்பகுதிக்கு உறுதி தருவதே உள் ராக்கரும் வெளி ராக்கரும்தான் என்பதால், கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைத்துத் தாங்கல் கொடுத்த பிறகே பழையதை வெட்ட வேண்டும். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டுதல் கூடாது. புதிய தகட்டைக் கிளாம்ப்பால் பிடித்துவைத்து, கதவை மாட்டி மூடிப் பார்த்து, சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே முழு வெல்டிங் செய்ய வேண்டும். இந்தப் பொறுமை இல்லாத பட்டறையில் முடிந்த கேபினில், எவ்வளவு விலையுயர்ந்த வண்ணம் அடித்தாலும் கதவு தாழ்ப்பாளில் சரியாக உட்காராது.

இனி வழிகளுக்கு வருவோம். தொழிற்சாலை நிலைக்கே மீட்பது எல்லாவற்றிலும் கண்டிப்பானது. நேரத்தையும் மிகுதியாகக் கேட்கும். கேபினையும் தொட்டியையும் சேஸியிலிருந்து தூக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தம் செய்து, அந்தந்த ஆண்டுக்கு உரிய உதிரியைத் தேட வேண்டும். இந்த ஆறு ஆண்டுகளுக்குள்ளேயே மாற்றங்கள் பல நடந்துள்ளன. மட்கார்டு ஓரத்தில் எரியும் அடையாள விளக்குகள் 1968இல்தான் வந்தன. முன்பக்க கிரில் 1969இலும் 1971இலும் மாறியது. சி10 வண்டியின் சக்கரத்தில் 1970 வரை ஆறு போல்ட்டுகளும் 1971 முதல் ஐந்து போல்ட்டுகளும் இருந்தன. ஓர் ஆண்டின் உதிரியை மற்றோர் ஆண்டின் வண்டியில் பொருத்திவிட்டால் ஓட்டத்துக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் அசல் நிலையை நாடி வாங்க வருபவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார். இந்த வழியின் நியாயம் வண்டியின் அரிதான தன்மையைச் சார்ந்தது. குறுந்தொட்டியோடு வந்த செயேன் சூப்பர் போன்ற வண்டிக்கு உழைப்பும் பணமும் பயனுடையவை. சாதாரண நெடுந்தொட்டி வண்டியை இவ்வாறு மீட்டால், போட்ட பணம் விற்பனையில் திரும்பிவருவது கடினம். தம் தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய வண்டியை அதே உருவில் காண விரும்புபவர் இந்தக் கணக்கைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அசல் நிலையில் மீட்ட வண்டியை இன்றைய நெடுஞ்சாலையில் ஓட்டுவது வேறு விஷயம். 1970 வரையிலான சி10 வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். தொடர்ந்து மிதிக்கும்போது டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைகிறது. மழைநீரில் நனைந்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது. பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நடுத்தரமான வழியை நான் பெரும்பாலோருக்குப் பரிந்துரைப்பதற்கு இவ்விரண்டும் முக்கியக் காரணங்கள். அந்த வழியில் சேஸி, உடல், தோற்றம் எல்லாம் அசலாகவே இருக்கும். உயிரைக் காக்கும் பகுதிகள் மட்டும் மேம்படும். தேவைப்பட்டால் பின்னாளில் பழைய நிலைக்கே திருப்பவும் முடியும்.

பிரேக்கைப் பொறுத்தவரை வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 1971 மாடல் முதல் முன்சக்கர டிஸ்க் பிரேக்கை ஜெனரல் மோட்டார்ஸ் எல்லா இலகுரக பிக்கப்களிலும் நிலையாகவே கொடுத்ததால், அந்த ஆண்டுகளின் ஸ்பிண்டில் (முன்சக்கரம் சுழலும் அச்சு), காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பிரஷர் பங்கீட்டு வால்வு ஆகியவற்றை முந்தைய வண்டியில் பொருத்த முடியும். இங்கே ஒரு சிறு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. 1971 முதலான டிஸ்க் ஐந்து போல்ட் கொண்டது. பின்சக்கரம் ஆறு போல்ட்டாகவே இருந்தால் ஸ்டெப்னி ஒரு முனைக்குத்தான் உதவும். ஆகவே ஒன்று பின் ஆக்ஸிலையும் ஐந்து போல்ட்டுக்கு மாற்ற வேண்டும், அல்லது ஆறு போல்ட் துளையிட்ட டிஸ்க்குகளை வாங்க வேண்டும். பழைய வீல் கப்புகளையும் அசல் சக்கரத் தோற்றத்தையும் விரும்புபவருக்கு இரண்டாவதே பொருத்தமானது. பழைய பிரேக் ஷூக்களைக் கழற்றும்போது அவற்றில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து, தூசியைக் கம்பிரஷர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பெட்ரோல் டேங்க்கை இருக்கைக்குப் பின்னாலிருந்து எடுத்து, தொட்டிக்கு அடியில் சேஸியின் இரு நெடுஞ்சட்டங்களுக்கு நடுவே மாற்றுவதற்கான தயார்நிலைப் பொருள்களும் கிடைக்கின்றன. மோதலின்போது கேபினுக்குள் பெட்ரோல் இல்லை என்ற நிம்மதி ஒருபுறமிருக்க, பெட்ரோல் வாடையும் நீங்குகிறது. இருக்கையைப் பின்னுக்குத் தள்ள இடமும் கிடைக்கிறது. இதோடு, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை உறுதியான அடித்தகடு வைத்துப் பொருத்தாமல் குடும்பத்தாரை இந்த வண்டியில் ஏற்ற மாட்டேன்.

விவாதம் மிகுதியாக நடப்பது என்ஜினைப் பற்றித்தான். மூன்று தேர்வுகளை எடுத்துக்கொள்வோம்: வண்டியோடு வந்த 250 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின், 350 கன அங்குல வி8, 1999 முதல் செவர்லே பிக்கப்களில் வந்த 5.3 லிட்டர் எல்எஸ் வகை வி8.

ஆறு சிலிண்டர் என்ஜினைப் பலர் பார்த்தவுடனேயே தூக்கி எறிகிறார்கள். அது நியாயமல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஏழு மெயின் பேரிங்குகளின் மேல் சுழலும் அந்தக் கிராங்க் உறுதியானது. ஒரே கார்புரேட்டர், ஒரே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. டியூனிங் செய்ய ஓர் அரைநாள் போதும். வார இறுதியில் ஊருக்குள் ஓட்டவும், மரப்பலகையோ செடிகளோ ஏற்றி வரவும் அதன் இழுவிசை தாராளம். அதன் குறை நெடுஞ்சாலையிலும் மலையேற்றத்திலும்தான் தெரியும். சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் மின்னணு இக்னிஷனாக மாற்றினாலே காலை நேரத் தொடக்கம் சீராகிவிடும்.

350 என்ஜின் சி10 வண்டிக்கு 1969இல் வந்தது. அமெரிக்காவின் எந்தச் சிற்றூரிலும் உதிரி கிடைக்கும் என்ஜின் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஏற்கெனவே 307 வி8 இருந்த வண்டியில் அதே தாங்கிகளில் இது உட்கார்ந்துவிடும்; ஆறு சிலிண்டர் வண்டியில் மட்டும் தாங்கிகளை மாற்ற வேண்டும். தோற்றத்திலும் காலத்துக்கு ஒத்தது. 1970களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த, எச்இஐ எனப்படும் மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் இதில் நேரடியாகப் பொருந்துகிறது. ஆனால் பழைய வயரிங்கில் காயிலுக்குச் செல்லும் கம்பி மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் மின்தடைக் கம்பி என்பதால், எச்இஐக்கு முழு 12 வோல்ட் தரும் புதுக் கம்பியை இழுக்காவிட்டால் என்ஜின் உயர் வேகத்தில் தடுமாறும். இதற்குக் காரணம் புரியாமல் கார்புரேட்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பழைய 350ஐ ஓவர்ஹால் செய்யும்போது மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலை வண்டிகளுக்கு 1996 முதல் முற்றிலும் தடைசெய்யப்பட்டதால், அந்தக் காலத்துக்கென வார்த்த சிலிண்டர் ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தைக் கடினப்படுத்திய வளையங்களாக மாற்றுவது நல்லது. பாரம் இழுக்கும் வண்டிக்கு இது மிகவும் அவசியம். மற்றொன்று, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தட்டையான டேப்பெட் கொண்டதாக இருந்தால், அதற்குத் துத்தநாகச் சேர்மம் போதிய அளவில் உள்ள ஆயில் தேவை. இன்றைய சாதாரண என்ஜின் ஆயில்களில் அது குறைக்கப்பட்டிருப்பதால், புதிய கேமின் முகடுகள் முதல் அரைமணி நேர ஓட்டத்திலேயே தேய்ந்துபோகும் ஆபத்து உண்டு.

எல்எஸ் என்ஜினின் தரப்பில் பேசுபவர்களின் வாதம் வலுவானது. 1972ஆம் ஆண்டின் 350 வி8க்கு நிறுவனம் குறித்த திறன் 175 குதிரைத்திறன். அதே நிகர அளவீட்டில், 1999க்குப் பிறகு வந்த 5.3 லிட்டர் என்ஜின் 270 முதல் 295 வரை தருகிறது. குளிரிலும் சாவியைத் திருப்பியவுடன் கிளம்புகிறது, பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கிறது, உயரமான மலைப்பாதையில் கலவையைத் தானே சரிசெய்துகொள்கிறது. பழைய செவர்லே சில்வராடோ பிக்கப்களிலிருந்து கழற்றிய என்ஜின்கள் உடைப்பு யார்டுகளில் நிறைய வருவதால் என்ஜினின் விலையும் மிரட்டுவதில்லை. ஆனால் விலை என்ஜினோடு முடிவதில்லை என்பதைத்தான் புதியவர்கள் உணரத் தவறுகிறார்கள். தாங்கிகளுக்கு இடைத்தகடு வேண்டும். பிக்கப்பிலிருந்து வந்த ஆயில் சம்ப் ஆழமானது என்பதால், தாழ்த்திய வண்டியில் அது முன் குறுக்குச்சட்டத்துக்குக் கீழே தொங்கிச் சாலையில் இடிக்கும். அதையும் மாற்ற வேண்டும். கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு ஐந்து முதல் ஏழு பவுண்டு அழுத்தம் போதும். இதற்கு 58 பவுண்டு தேவை. ஆகவே மின்சார எரிபொருள் பம்ப்பும், அழுத்தம் தாங்கும் குழாய்களும், பெட்ரோல் குலுங்கினாலும் பம்ப் காற்றை உறிஞ்சாதபடி தடுப்புகள் கொண்ட டேங்க்கும் வாங்க வேண்டியிருக்கிறது. தனி வயரிங், திருட்டுத் தடுப்பு வசதியை நீக்கி மறுநிரல் செய்யப்பட்ட கணினி, புதிய ரேடியேட்டர் இணைப்புகள், எக்ஸாஸ்ட், நீளம் மாற்றிய புரொப்பெல்லர் ஷாஃப்ட், கேபிளால் இயங்கும் பழைய ஸ்பீடோமீட்டருக்கு மின்னணு மாற்றி எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றின் கூட்டுச் செலவு பல நேரங்களில் என்ஜினின் விலையைப் போல் இரண்டு, மூன்று மடங்கைத் தொடும்.

இந்த என்ஜின்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு என் அளவுகோல் தூரம்தான். தினமும் வேலைக்குச் செல்லவும், மாநிலம் விட்டு மாநிலம் நீண்ட பயணம் போகவும் வண்டி வேண்டும் என்றால் எல்எஸ் என்ஜினுக்கு ஆகும் செலவு பயனாகத் திரும்புகிறது. மாதத்தில் சில நாள்கள் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை. நன்றாக ஓவர்ஹால் செய்த 350ஓ ஆறு சிலிண்டரோ போதும், மிச்சமாகும் பணம் தகட்டு வேலைக்கும் பிரேக்குக்கும் போகட்டும். கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு இருப்பதால், புகை விதிகளை முன்னிட்டு எல்எஸ்ஸுக்கு மாற வேண்டிய கட்டாயமும் அங்கே இல்லை.

நெடுஞ்சாலையில் பழைய வண்டி களைப்பூட்டுவதற்கு என்ஜினைக் காட்டிலும் கியர்பாக்ஸே பெரிய காரணம் என்பதை இங்கே சேர்க்க விரும்புகிறேன். 3.73 விகித டிஃபரன்ஷியலும் 28 அங்குல உயர டயரும் கொண்ட வண்டி, நேர் விகித டாப் கியரில் மணிக்கு 105 கிலோமீட்டரில் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,900 சுற்று சுற்றுகிறது. 0.70 விகித ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் டாப் கியர்) உள்ள 700ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தினால் அதே வேகத்தில் சுற்று 2,030 அளவுக்கு இறங்கிவிடும். கேபினுக்குள் சாதாரணக் குரலில் பேச முடிகிறது; பெட்ரோலும் மிச்சமாகிறது. கார்புரேட்டர் என்ஜினோடு 700ஆர்4ஐ இணைப்பவர்கள் அதன் த்ராட்டில் கேபிளைத் துல்லியமாக அமைக்க வேண்டும். அந்தக் கேபிள்தான் கியர்பாக்ஸுக்குள் ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது தளர்ந்திருந்தால் உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகள் விரைவில் கருகிவிடும். பலர் என்ஜின் மாற்றத்தில் தேடும் சுகம், உண்மையில் இந்த ஒரு கியரில் இருக்கிறது.

சஸ்பென்ஷனுக்கு வந்தால், சி10 தன் காலத்துப் போட்டியாளரான ஃபோர்டு எஃப்-100ஐவிடத் திருத்தத்துக்கு இணக்கமானது. ஃபோர்டு 1965 முதல் முன்பக்கத்தில் இரட்டை ஐ-பீம் அமைப்பை வைத்திருந்ததால், அதைத் தாழ்த்தும்போது சக்கரக் கோணம் எளிதில் கெட்டுவிடுகிறது. சி10இன் முன்பக்கம் சுருள்வில்லோடு கூடிய தனித்தனி ஆர்ம் அமைப்பு. பின்பக்கமும் பெரும்பாலான வண்டிகளில் நீண்ட டிரெய்லிங் ஆர்ம்களும் சுருள்வில்லும்தான். செவர்லே பிக்கப்பின் இந்தப் பின் அமைப்பிலிருந்து பிறந்த டிரக் ஆர்ம் வடிவமைப்பு, அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்களில் பல பத்தாண்டுகள் புழங்கியது என்பதே அதன் தகுதிக்குச் சான்று. ஆகவே புஷ்களையும் ஷாக் அப்சார்பர்களையும் புதிதாக்கி, முன்னால் உயரம் குறைந்த ஸ்பிண்டிலும் பின்னால் குட்டையான சுருள்வில்லும் வைத்து அளவாகத் தாழ்த்துவது குறைந்த செலவில் நல்ல பலன் தரும். ஐந்து, ஆறு அங்குலம் என்று பின்பக்கத்தை மேலும் இறக்குபவர்கள், ஆக்ஸில் இடிக்காதபடி சேஸியில் வில்வடிவ வெட்டு வெட்டி வலுத்தகடு வைக்க வேண்டும். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராதபடி பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியையும் நீளம் மாற்றக்கூடியதாகப் போட வேண்டும். இல்லையென்றால் தாழ்ந்த ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்து, அந்தப் பக்கத்து டயர் தொட்டியின் உட்சுவரை உரசும். காற்றுப்பை சஸ்பென்ஷன் நிறுத்தும்போது வண்டியைத் தரையோடு இறக்கி, ஓட்டும்போது உயர்த்துகிறது. அழகுக்காக அதை விரும்புவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கம்பிரஷர், டேங்க், வால்வு, குழாய் என்று கசியக்கூடிய இணைப்புகள் பெருகுவதால், சுமை ஏற்றும் வண்டிக்கு அதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

சேஸியையே மாற்றும் வழி மிகவும் செலவுள்ளது. ரேக் ஸ்டியரிங், பெரிய டிஸ்க் பிரேக்குகள், புதுவகை சஸ்பென்ஷன் எல்லாம் பொருத்தப்பட்டுத் தயாராக வரும் முழுச் சேஸியின் மேல் பழைய கேபினை அமர்த்தினால், கிட்டத்தட்டப் புதிய காரைப் போன்ற ஓட்டம் கிடைக்கிறது. அசல் சேஸி துருவால் பலமிழந்தோ விபத்தில் முறுக்கியோ போயிருந்தால் இதை நிச்சயமாக யோசிக்கலாம். நல்ல சேஸியைக் கழற்றிப்போட்டுவிட்டு இதைச் செய்வதற்கு முன், வண்டி எண் சேஸியிலும் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், பதிவு மாற்றத்துக்கு உங்கள் மாநில விதி என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எட்டடித் தொட்டி வண்டியின் 127 அங்குல வீல்பேஸை (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரத்தை) வெட்டி, குறுந்தொட்டியின் 115 அங்குலமாக்கும் வேலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். குறுந்தொட்டி வண்டிக்கு விலை கூடுதல் என்பதால் பலர் அதில் இறங்குகிறார்கள். வெட்டும் இடமும் வெல்டிங்கும் சரியாக அமைந்தால் அதில் தவறில்லை. விற்கும்போது அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மின்சார வண்டியாக மாற்றும் பேச்சும் இப்போது எழுகிறது. இதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த 1962ஆம் ஆண்டு சி-10 ஒன்றை மின்மோட்டார்களோடு ஏறத்தாழ 450 குதிரைத்திறன் கொண்டதாக மாற்றி, 2019இல் லாஸ் வேகாஸில் நடந்த செமா வாகன உதிரிக் கண்காட்சியில் செவர்லேயே காட்டியது; ஃபோர்டும் 1978ஆம் ஆண்டு எஃப்-100 ஒன்றை 480 குதிரைத்திறனுள்ள மின் பிக்கப்பாக்கி 2021இல் வெளியிட்டது. தொழில்நுட்பத்தால் முடியும் என்பதற்கு இவை சான்றுகள். தனியார் பட்டறையில் பேட்டரிக்கு ஆகும் செலவும், அதன் எடையைச் சேஸியில் சரியாகப் பங்கிடும் வேலையும் சேரும்போது, மற்ற எல்லா வழிகளையும்விட இது இன்னும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது.

வண்ணத்தைப் பற்றிய முடிவைக் கடைசிக்கு விடலாம். அசல் நிலைக்கு மீட்பவர் கையுறைப் பெட்டிச் சீட்டில் குறித்த வண்ணத்தையே பூச வேண்டும்; ஒரே பூச்சில் முடியும் எனாமல் வகை, அந்தக் காலத்து மங்கலான பளபளப்பை நெருங்கி வரும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு அடிவண்ணமும் அதன்மேல் தெளிபூச்சும் கொண்ட இன்றைய முறை வெயிலையும் கீறலையும் நன்றாகத் தாங்குகிறது. வண்டி ஐம்பது ஆண்டு வெயிலில் தானாக வெளுத்து, கதவில் பழைய பண்ணைப் பெயரின் சாயல் மட்டும் மிஞ்சியிருந்தால், அதை அழிக்க என் மனம் ஒப்பாது. துருவேறிய இடங்களை மட்டும் சரிசெய்து, மற்றதைப் பளபளப்பற்ற தெளிபூச்சால் காத்துவிடலாம். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும் என்பதால், சுரண்டும்போது தண்ணீர் விட்டுத் தேய்ப்பதும் தரமான முகமூடி அணிவதும் கட்டாயம். வண்ணம் காய்ந்த பிறகு, ராக்கருக்குள்ளும் கேபின் மூலைகளுக்குள்ளும் கதவின் அடிப்பகுதியிலும் நீண்ட குழாய் முனையால் மெழுகுப் பூச்சைத் தெளிக்க வேண்டும். அதற்குப் பின், அந்த இடங்களின் நீர்வடி துளைகள் வண்ணத்தாலோ மெழுகாலோ அடைபடவில்லை என்பதை ஒரு கம்பியால் குத்திப் பார்த்து, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளை வழியாக ஒரு குவளை நீரை ஊற்றி, அது இரு பக்கமும் கீழே வழிந்து வெளியேறுகிறதா என்று சரிபார்த்த பிறகே உள்தரை விரிப்பைப் போட வேண்டும்.